பட்டனுக்கு ஒரு வழி, கட்டைக்கு வேறு வழி: பழைய சின்தசைசரின் ரப்பரை எப்படிச் சரிசெய்வது?

ரங்கூனில் பழைய ஜப்பான் கீபோர்டு வைத்திருப்பவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டு வகைதான். பேனலில் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால்தான் வேலை செய்கிறது என்பது ஒன்று. வாசிக்கும்போது ஒரு கட்டை மட்டும் ஊமையாகிவிடுகிறது, அல்லது மெல்லத் தொட்டாலே கத்துகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மூலம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: உள்ளே இருக்கும் சிலிகான் ரப்பரும், அதன் அடியில் இருக்கும் கறுப்புக் கார்பன் பொட்டும்.

மூலம் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பட்டனுக்குப் பூசிய கார்பன் பெயின்ட்டையே கட்டைக்கும் பூசுகிறார்கள். பட்டன் பல மாதம் நன்றாக ஓடுகிறது. கட்டையோ முன்பைவிட மோசமாகிவிடுகிறது. ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைவிட, அந்த ரப்பர் என்ன வேலை பார்க்கிறது என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டனின் வேலை எளிது. சர்க்யூட் போர்டில் மின்சாரம் ஓடும் இரண்டு தடங்கள், இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்த மாதிரி, ஒன்றையொன்று தொடாமல் ஓடும். பட்டனை அழுத்தினால் கறுப்புப் பொட்டு இறங்கி இரண்டையும் இணைக்கும். உள்ளே இருக்கும் பிராசசருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இணைந்ததா, இல்லையா? நல்ல பொட்டின் மேல் மல்டிமீட்டர் முனைகளை வைத்தால் சில நூறு ஓம்ஸ் காட்டும், சிலதில் அதற்கும் குறைவு. தேய்ந்த பொட்டில் அது பல ஆயிரமாக ஏறிவிடும். சிலதில் மீட்டர் எதையுமே காட்டாது. நடுவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பட்டனுக்கு ஒரு குறையும் இல்லை.

கட்டையின் கதை வேறு. வெலாசிட்டி உள்ள கீபோர்டில், அதாவது அடிக்கிற வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறையும் கீபோர்டில், ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு பொட்டுகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது சில மில்லிசெகண்ட் கழித்துத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் நீங்கள் ஓங்கி அடித்தீர்களா, மெல்லத் தொட்டீர்களா என்று கருவி தெரிந்துகொள்கிறது. இடைவெளி குறைவென்றால் வேகமான அடி. இப்போது முதல் பொட்டு தேய்ந்தோ அழுக்கேறியோ போயிருந்தால், அது கட்டை நன்றாக இறங்கிய பிறகுதான் பிடிக்கும். அதற்குள் இரண்டாவது பொட்டும் பிடித்துவிடும். இடைவெளி சுருங்கிவிடுவதால், பூப்போலத் தொட்டாலும் ஓங்கி அடித்ததாகவே கணக்காகிறது. இன்னிசைக் குழுவில் வாசிக்கும் பையன்கள் "அண்ணே, இந்த ஒரு கட்டை மட்டும் கத்துது" என்று வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். ஒலி வரும் பகுதியில் பழுதே இருக்காது.

கோர்க் எம்1 (1988), ரோலண்ட் டி-50 (1987) இரண்டும் இந்த வகை: 61 கட்டை, அடியில் ரப்பர் ஸ்ட்ரிப்கள், அதாவது பல கட்டைக்குச் சேர்த்து வார்த்த நீளப் பட்டைகள். காசியோ எஸ்கே-1 மாதிரி சின்னப் பெட்டிகளுக்கு வெலாசிட்டி கிடையாது. அவற்றில் இருப்பது பார்வைக்குக் கட்டையாக இருந்தாலும் பார்ப்பது பட்டன் வேலைதான், அதனால் பட்டனுக்குச் சொல்லும் எல்லா வழியும் அவற்றுக்கும் பொருந்தும். யமஹா டிஎக்ஸ்7 (1983) பேனலில் இருப்பது தட்டையான மெம்பிரேன் சுவிட்ச்; இங்கே சொல்லும் எதையும் அந்தப் பேனலில் செய்து பார்க்க வேண்டாம்.

காசு செலவழிக்கும் முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: பழுது ரப்பரிலா, போர்டிலா? வரிசையாக இல்லாமல், ஒரே கணக்கில் தள்ளித் தள்ளி, உதாரணமாக ஒவ்வொரு எட்டாவது கட்டையும் செத்திருந்தால் அது ரப்பர் தேய்மானம் அல்ல. கட்டைகளை வரிசையும் நிரலுமாகக் கோத்துத்தான் பிராசசர் படிக்கிறது. ஒரு கம்பி விட்டுப்போனாலோ ரிப்பன் கேபிள் தளர்ந்தாலோ ஒரு வரிசை முழுக்கப் போய்விடும். அங்கே ரப்பர் மாற்றினால் காசுதான் வீண். ஒற்றைக் கட்டை, அதுவும் நடு ஆக்டேவில் (ஆக்டேவ் என்பது 12 கட்டை கொண்ட தொகுதி) அதிகம் புழங்கும் கட்டை என்றால் முதலில் ரப்பரைச் சந்தேகிக்கலாம். கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மிடி கேபிள் இருந்தால் கம்ப்யூட்டரிலோ போனிலோ வெலாசிட்டி எண்ணைக் காட்டும் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். நல்ல கட்டையில் எண் கைக்கேற்ப ஏறி இறங்கும். கெட்டதில் எப்படித் தொட்டாலும் உச்சமான 127-ஐ ஒட்டியே நிற்கும்.

பேனல் பட்டனுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. பழைய டிவி ரிமோட்டின் ரப்பரில் நல்ல பொட்டு ஒன்றை வெட்டி எடுத்து, போர்டுத் தடத்தின் மேல் நேரடியாக வைத்து அழுத்துங்கள். வேலை செய்தால் போர்டு நலம், ரப்பர்தான் பழுது. இதற்குக் கருவியை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும் என்பதால், பவர் சப்ளைப் பகுதி மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். இங்கே கிடைக்கும் செகண்ட்ஹேண்ட் பெட்டிகளில் பல, ஜப்பான் உள்ளூர் விற்பனைக்கென்று செய்த 100 வோல்ட் பெட்டிகள். நம் சுவரில் வருவது 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சோதிக்கப் போனால் ரப்பரைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இருக்காது.

முதல் வழி, சுத்தம் செய்வது. எந்த நிலையிலும் இதில்தான் தொடங்க வேண்டும். தேய்ந்துவிட்டதாகத் தோன்றும் ரப்பரில் கணிசமானவை உண்மையில் தேயவில்லை. சிலிகானிலிருந்தே காலப்போக்கில் ஒரு மெல்லிய எண்ணெய் கசிந்து பொட்டின் மேல் படியும். அதோடு தூசியும், மே கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை விடாத நம் மழைக்காலத்து ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் தாண்ட முடியாத படலமாகிவிடுகிறது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு பட்ஸில் தொட்டு, தேய்க்காமல் துடையுங்கள். பஞ்சில் கொஞ்சம் கறுப்பு வருவது இயல்பு. துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருந்தால் நிறுத்திவிடுங்கள், அது அழுக்கல்ல, கார்பன். காபியோ பானமோ கொட்டிப் பிசுபிசுத்த ரப்பரைப் போர்டிலிருந்து கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம். பொட்டைத் தாங்கி மேலெழுப்பும் ரப்பர்க் குமிழ்களுக்குள் தண்ணீர் தங்கும். மழைக்காலத்தில் ஃபேனுக்கு அடியில் ஒரு நாள் முழுக்க வைத்துக் காய்ந்ததை உறுதி செய்துகொண்டு மாட்டுங்கள்.

மருந்துக்கடை ஸ்பிரிட் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள், அது படலம் விட்டுப்போகும். கை சுத்தம் செய்யும் ஜெல்லிலும் கிளிசரின் இருக்கிறது. துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே, பெட்ரோல், நெயில்பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. போர்டில் தடம் கறுப்பாக இருந்தால் அதுவும் கார்பன் அச்சுதான். அதன் மேல் அழிரப்பரும் உப்புத்தாளும் போட்டால் இருக்கிற தடமும் போய்விடும்.

சுத்தம் செய்த பிறகு பொட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல பொட்டு மங்கலான கறுப்பாக, ஒளியை விழுங்குகிற மாதிரி இருக்கும். தேய்ந்தது சாம்பல் கலந்து வழவழப்பாக மின்னும், நடுவில் தடங்களின் அச்சு லேசாகப் பதிந்திருக்கும். அந்த மினுமினுப்பைக் கண்டால் இனி ஆல்கஹாலால் பயனில்லை, அடுத்த வழிக்குப் போக வேண்டியதுதான்.

கட்டைகளுக்கு ஒரு பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. பெரும்பாலோர் இதை யோசிப்பதே இல்லை. 61 கட்டைக் கருவிகளில் ரப்பர் பெரும்பாலும் 12 கட்டைக்கு ஒன்றாக நான்கு ஸ்ட்ரிப், கடைசியில் 13 கட்டைக்கு ஒன்று என்று இருக்கும். நம் பாட்டுக்கு வாசிப்பவரின் கை பெரும்பாலும் நடு இரண்டு ஆக்டேவிலேயே நிற்கிறது. கீழ்க் கடைசி ஆக்டேவைத் தொடுவது எப்போதாவதுதான். அந்த ஸ்ட்ரிப் முப்பது வருஷம் கழித்தும் புதிது மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே வடிவம் என்றால் இடத்தை மாற்றிப் போட்டுவிடுங்கள்: நல்லது நடுவுக்கு, தேய்ந்தது கீழே. இதுவே ஒரு சோதனையும்கூட. பழுதும் ஸ்ட்ரிப்போடு இடம் மாறினால் ரப்பர்தான் காரணம், பழுது அதே இடத்தில் நின்றால் போர்டு. வெலாசிட்டிக்கும் இதில் ஒரு குறையும் வராது, ஏனென்றால் தொழிற்சாலையில் செய்த பொட்டு, தொழிற்சாலை வைத்த உயரத்திலேயே இருக்கிறது.

பேனல் ரப்பரில் இது நடக்காது. அது ஒரே தகடாக, இருக்கிற பட்டன் அத்தனைக்கும் சேர்த்து வார்த்தது.

அடுத்தது பெயின்ட். கிராஃபைட் அல்லது கார்பன் கலந்த கடத்தும் பெயின்ட்டைப் பொட்டின் மேல் மெல்லியதாகப் பூசுவது. சாதாரண அக்ரிலிக் அடிப்படையிலான பெயின்ட் சிலிகானில் ஒட்டாது. ரப்பர் வளைய வளைய விரிசல் விட்டு உதிரும். உதிரும் துகள் தடங்களுக்கு நடுவே விழுந்தால், அழுத்தாத பட்டனும் அழுத்தியதாகக் காட்டும். ரப்பர் கீபேடுக்கென்றே இரண்டு பாகமாகக் கலந்து பூசும் கார்பன் சிலிகான் கிட் இருக்கிறது, அது நன்றாகப் பிடிக்கும், வளையவும் செய்யும். பேனல் பட்டனுக்கு அதை நான் தயங்காமல் சொல்வேன். வெலாசிட்டிக் கட்டைக்கு வேண்டாம். பூசுகிற படலம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பொட்டின் உயரத்தைக் கூட்டும். ஒரு கட்டையில் முதல் பொட்டில் கொஞ்சம் தடிமனாகவும், பக்கத்துக் கட்டையில் இரண்டாவது பொட்டில் தடிமனாகவும் விழுந்தால், இரண்டு கட்டையும் இரண்டு விதமாகப் பேசும். 61 கட்டையில் 122 பொட்டு. அத்தனையையும் ஒரே கனத்தில் கையால் பூச முடியும் என்று நான் நம்பவில்லை.

பெயின்ட் தன் தகுதியைக் காட்டும் இடம் போர்டுதான். கறுப்புத் தடம் தேய்ந்து அடியில் செம்பு தெரிந்து, அந்தச் செம்பும் பச்சை பிடித்திருந்தால், ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தடத்தின் மேல் மட்டும் கார்பன் பெயின்ட் பூசலாம். போர்டு வளையாது, பெயின்ட் அங்கே நன்றாக நிற்கும். தடங்களுக்கு நடுவே ஓடும் இடைவெளியில் மட்டும் ஒரு சொட்டும் வழியக் கூடாது. காய்ந்த பிறகு மீட்டரால் இரண்டு தடத்துக்கும் நடுவே ஒட்டு இல்லையா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

பென்சிலும் அலுமினியத் தாளும் ஊர் முழுக்கத் தெரிந்த வித்தைகள். 6பி பென்சிலைப் பொட்டில் தேய்ப்பது சில நாள் தாங்கும், பிறகு தூளாகி உதிரும். சிகரெட் பெட்டித் தாளையோ சமையல் அலுமினியத் தாளையோ ஒட்டுவது இன்னும் கெடுதல். உலோகத்தின் விளிம்பு போர்டின் கார்பன் தடத்தைச் சுரண்டிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் பிடிக்காது. இன்று இரவு கோவில் கச்சேரி, வேறு கதியே இல்லை என்றால் பென்சில் மட்டும் செய்யுங்கள்.

பேனல் பட்டனுக்கு எனக்குப் பிடித்த வழி, பொட்டையே மாற்றுவது. செத்த டிவி ரிமோட், ரிப்பேர் கடையில் கேட்டால் கை நிறையக் கொடுப்பார்கள். அதன் ரப்பரைப் பிரித்து, ஆல்கஹாலால் துடைத்து, எல்லாப் பொட்டுகளையும் மீட்டரால் அளந்து, குறைந்த ஓம்ஸ் காட்டுகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புது பிளேடால், பொட்டின் அடியில் சிலிகான் முடிந்தவரை குறைவாக இருக்கும்படி சீவி எடுக்க வேண்டும். கருவியின் ரப்பரில் இருக்கும் பழைய பொட்டையும் அதே அளவுக்குச் சீவிவிடுங்கள். சீவாமல் அதன் மேலேயே ஒட்டினால் உயரம் கூடி, பட்டன் எப்போதும் அழுத்திய நிலையிலேயே நின்றுவிடும்.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ உதவாது, அது சிலிகானில் பிடிக்காது. சிலிகானுக்கு சிலிகான் பசைதான் சரி, அதிலும் வினிகர் வாடை வராத வகை. வாடை வரும் வகையிலிருந்து கிளம்பும் அமிலம் செம்பை அரிக்கும். பல்குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து வைத்து, பொட்டை மேலே அமர்த்தி, லேசாக ஒரு கனம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். பசை ஓரத்தில் பிதுங்கிப் பொட்டின் முகத்தில் ஏறினால் அந்தப் பொட்டு வீண், துடைத்து மறுபடி செய்ய வேண்டும். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது, அதனால் ரங்கூன் மழை இந்த ஒரு வேலைக்குத் துணைதான். காற்று போய்வர ரப்பரின் அடியில் சின்ன வாய்க்கால்கள் இருக்கும், அவற்றைப் பசை அடைத்துவிட்டால் பட்டன் மேலெழும்பத் தாமதிக்கும்.

இதே வேலையை வெலாசிட்டிக் கட்டையில் ஒன்றிரண்டு பொட்டுக்கு வேண்டுமானால் செய்யலாம். முழுக் கீபோர்டுக்கும் செய்வது பெயின்ட்டுக்குச் சொன்ன அதே காரணத்தால் சரிவராது.

அங்கேதான் புது ஸ்ட்ரிப் வருகிறது. பழைய கருவிகளின் உதிரிபாகம் விற்கும் கடைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன, எம்1, டி-50 போன்று நிறைய விற்ற கருவிகளுக்கு ஸ்ட்ரிப் கிடைக்கிறது. விலையைவிட ரங்கூன் வந்து சேர்வதுதான் கவலை. சிங்கப்பூரிலோ சென்னையிலோ உறவினர் இருந்தால் அவர்கள் முகவரிக்கு வரவழைத்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பச் சொல்வது நல்லது. ஸ்ட்ரிப்பில் கனமும் இல்லை, விமானத்தில் கொண்டுவரத் தடையும் இல்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கரைப்பான் கலந்த பெயின்ட்டும் அப்படியல்ல, தீப்பிடிக்கும் திரவம் என்பதால் பெட்டியில் வைக்கவே கூடாது. பெயின்ட் மலிவு, ஸ்ட்ரிப் விலை அதிகம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே கைக்கு வந்து சேரும் சிரமத்தை எண்ணினால் ஸ்ட்ரிப் அவ்வளவு தூரத்தில் இல்லை.

வாங்கும் முன் கருவியைத் திறந்து, பழைய ஸ்ட்ரிப்பில் எண் அச்சிட்டிருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல் வேறு வேறு ஸ்ட்ரிப் கேட்கலாம். முடிந்தால் ஐந்தையும் சேர்த்தே மாற்றுங்கள். புது ரப்பரின் குமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஒரு ஆக்டேவ் மட்டும் புதிதென்றால் கை அங்கே போகும்போதெல்லாம் வித்தியாசம் தெரியும். காசு பற்றாது என்றால் நடு ஆக்டேவ்கள் இரண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள், ஒன்றோடு நிறுத்த வேண்டாம்.

மாட்டும்போது அவசரம் ஆகாது. ஸ்ட்ரிப்பின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் முளைகள் இருக்கும், அவற்றைப் போர்டின் துளைகளில் நுழைக்க வேண்டும். சாமணத்தால் இழுத்தால் அறுந்துவிடும். மழுங்கிய குச்சியால் மேலிருந்து மெல்லத் தள்ளுங்கள். ஒரு முளை சரியாக உட்காராவிட்டாலும் அந்த இடத்தில் ரப்பர் தூக்கி நிற்கும், புது ஸ்ட்ரிப் போட்டும் கட்டை கத்தும். எம்1, டி-50 உள்ளே காசு வடிவ லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கிறது. நீங்கள் சேமித்த பேட்ச்கள், அதாவது ஒலி அமைப்புகள், அதை நம்பித்தான் இருக்கின்றன. பெட்டியைத் திறக்கும் முன் பேட்ச்களை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் திறக்கிறோம், பேட்டரி பழசென்றால் அதையும் மாற்றிவிடலாம்.

ரப்பரை எடுத்துவிட்டு சின்ன டாக்ட் சுவிட்ச்களை, அதாவது அழுத்தினால் கிளிக் என்னும் குட்டி பட்டன்களை, சோல்டர் செய்யும் வழியும் இருக்கிறது. பேனல் ரப்பர் கிழிந்து, மாற்றும் கிடைக்காமல், தடமும் அழிந்துபோன நிலையில் மட்டும் யோசிக்கலாம். உயரம் பொருந்தாது, தொடு உணர்வு மாறிவிடும், போர்டைப் பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

ஆக, பஜனைக்கோ சர்ச்சுக்கோ வைத்திருக்கும் பெட்டியில் ஒன்றிரண்டு பட்டன் மட்டும் மக்கர் செய்தால்: துடையுங்கள், தேறாவிட்டால் ரிமோட் பொட்டு. பேனலில் பாதிப் பட்டன் போய்விட்டது என்றால் ஒவ்வொன்றாகச் சீவி ஒட்டுவதைவிடக் கார்பன் சிலிகான் கிட் வரவழைப்பது மேல். இன்னிசைக் குழுவின் எம்1-ல் நடுக் கட்டைகள் கத்தினால்: துடையுங்கள், ஸ்ட்ரிப்பை இடம் மாற்றுங்கள், புதுசுக்குச் சொல்லிவையுங்கள். தீமிதி, திருவிழா என்று கச்சேரி வரிசையாக வரும் மாதங்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஏப்ரல் நடுவில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊரே கடை அடைத்துவிடும், அந்த நேரத்தில் எந்த வேலையும் நகராது.

புது ஸ்ட்ரிப் போட்ட பிறகு பழையதை எறிய வேண்டாம். கீழ் ஆக்டேவில் இருந்தவற்றின் பொட்டுகள் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கும். அளந்து, துடைத்து, மூடிபோட்ட டப்பாவில் வைத்திருங்கள். பேனல் பட்டன் போகும்போது ரிமோட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.